வல்லரசுகள் மோதினால் செட்டிநாட்டுக்கு என்ன? சனிக்கிழமைக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. பள்ளத்தூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரிய வீட்டின் முகப்பில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பதால் சாவியை எங்களிடம் விட்டிருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், பலகாரம் போட்டு விற்கிற ஆச்சிகள், ஒரு கொத்தனார், வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்று பலரும் வருவார்கள். எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் பெரிய நாடுகள் முறைத்துக்கொண்டு நிற்பதில்தான் வந்து நிற்கிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டீச்சர், அமெரிக்காவும் சீனாவும் அடித்துக்கொண்டால் நமக்கென்ன? நாம் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறோம்.

இதைக் கேட்ட பையன் அப்போது சாய்ந்து உட்கார்ந்திருந்தது ஒரு பர்மாத் தேக்குத் தூணில். அந்தத் தூண் கப்பலேறி வந்த கதையே அவனுக்குப் பதில்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ரங்கூனில் மொகல் தெருவில் ஒரு நகரத்தார் (செட்டியார்) வட்டிக்கடையில் சமையல்காரராக இருந்தார். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச் 8-ல் ஊரே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. ஐயா நடந்தே வந்தார். தமு வழியாக இம்பால், அங்கிருந்து திமாப்பூர், அப்புறம் ரயில். அந்த வருடம் பர்மாவிலிருந்து தப்பி வந்த இந்தியர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். மலைப்பாதையில் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஐயாவோடு புறப்பட்ட ஐந்து பேரில் மூன்று பேர்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

ஜப்பானோடும் பிரிட்டனோடும் அவருக்கு என்ன வழக்கு? ஒன்றும் கிடையாது. கடையில் இருபது பேருக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-ல் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை, ஈடாக வைத்த நிலம் கை மாறியது. அந்த மக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. 1948-க்குப் பிறகு நில உடைமைச் சட்டங்கள் வந்தன, 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார், 1964-ல் கடைகள் அரசுடைமை ஆயின. காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதி ஏன் இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

மலேயாவிலும் இதுதான் நடந்தது. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டில் கடன் வசூலானது. 1945-ல் அந்த நோட்டு வெறும் காகிதம்.

அது பழைய கதை. இப்போதும் அப்படித்தானா?

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. நாம் இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும் பங்கு அதுவரை உக்ரைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அடுத்து ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, மூன்று வாரத்துக்கும் மேல் அந்தத் தடை இருந்தது. கைமுறுக்கும் சீப்புச் சீடையும் போட்டு விற்கிற ஆச்சி ஒருவர் அந்தக் கோடையில் பாதிச் சட்டியோடு நிறுத்திக்கொண்டார். உதவிக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களை வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கியபோது, சூயஸ் வழியே போகவேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அந்தச் சுற்றுவழிக்கான நாளும் எண்ணெய்ச் செலவும் கடைசியில் நம் கடைச் சாமானின் விலையில்தான் வந்து விழும்.

வல்லரசுப் போட்டி என்றால் பழைய பனிப்போர்தானே?

கொஞ்சம்தான் ஒத்துப்போகும். அமெரிக்காவும் சோவியத்தும் ஒன்றோடொன்று பெரிய அளவில் வியாபாரம் செய்யவில்லை. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் நடுவே 2022-ல் நடந்த சரக்கு வியாபாரம் ஏறத்தாழ 69,000 கோடி டாலர். ஒரே சந்தையில் கொடுக்கல் வாங்கல் உள்ள இரண்டு பேர் ஒருவரையொருவர் சந்தேகப்படும் நிலை இது. மூன்றாவதாக அணு ஆயுதத்தோடு ரஷ்யாவும் நிற்கிறது.

போட்டியே வேண்டாம் என்று எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிக்க முடியாதா?

முடியாது என்றுதான் நினைக்கிறேன். இவ்வளவு வருடம் பாடம் நடத்தியதில், பெரிய அரசுகள் போட்டி போடாத ஒரு நூற்றாண்டை நான் கண்டதில்லை. போட்டி கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். அதற்கும் நம் ஊர்க் கதையிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

மொகல் தெருவில் நகரத்தார் கடைகள் அடுத்தடுத்து இருந்தன. கடன் கேட்டு வருகிறவரை யார் பிடிப்பது என்று போட்டிதான். ஆனாலும் மாதம் ஒரு முறை கோயிலில் கூடி நடப்பு வட்டி என்ன என்று சேர்ந்து பேசி முடிவு செய்தார்கள். ஒரு கடை எழுதிய உண்டியலை, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டை, இன்னொரு கடை மதித்தது. போட்டிக்காரர்தான், இருந்தாலும் அவர் என்ன வட்டிக்குப் பணம் புழக்குகிறார் என்பது தெரியும். தெரியாவிட்டால் பயம் வரும், பயம் வந்தால் எல்லாரும் ஒரே நாளில் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், தெருவே கவிழும்.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. நகரத்தாருக்கு மேலே கோயிலும் பஞ்சாயத்தும் இருந்தன. வல்லரசுகளைக் கூப்பிட்டு விசாரிக்க அப்படி ஒரு பஞ்சாயத்து கிடையாது. அதனால்தான் பேசுகிற வழியும் கணக்கைக் காட்டுகிற பழக்கமும் அவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றன. இனி வருகிற பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றியவைதான்.

1962-ல் உலகம் அழிந்திருக்கும் என்கிறார்களே, உண்மையா?

அழிவுக்கு மிக அருகில் போனது உண்மை. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது அக்டோபர் 16 அன்று அமெரிக்க அதிபர் கென்னடிக்குத் தெரியவந்தது. அதிலிருந்து 13 நாள். அதே அக்டோபர் 20-ல்தான் சீனா நம் எல்லைக்குள் வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இரண்டு நெருப்பும் ஒரே மாதத்தில் எரிந்தன.

அந்த நாட்களில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினின் மாஸ்கோவுக்குச் சங்கேதத்தில் எழுதிய செய்தியை எடுத்துப் போக, தந்தி அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வருவார். இதைப் பிற்பாடு தூதரே எழுதியிருக்கிறார். தலைவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் போய்ச் சேர மணிக்கணக்கில் ஆனது. அதற்குள் அடுத்த சம்பவம் நடந்துவிடும்.

அக்டோபர் 27 மிக மோசமான நாள். கியூபாவுக்கு அருகே கடலடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் இருந்தது. அதை மேலே வரவைக்க அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போட்டன. உள்ளே தாங்க முடியாத வெப்பம், மாஸ்கோவோடு தொடர்பு இல்லை, மேலே போர் தொடங்கிவிட்டதா என்றே தெரியவில்லை. அவர்களிடம் அணு டார்பிடோ ஒன்று இருந்தது. தளபதி அதைத் தயார் செய்யச் சொன்னார். உடனிருந்த வாசிலி ஆர்கிபோவ் என்ற அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை, பேசிப் பேசி அவரை அமைதிப்படுத்தினார். கப்பல் மேலே வந்தது.

மறுநாள் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்ப எடுப்பதாக அறிவித்தார். பதிலுக்குத் துருக்கியில் இருந்த தங்கள் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக அமெரிக்கா ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தது. அது வெளியே தெரியப் பல வருடங்கள் ஆயின. கென்னடி மிரட்டியே ஜெயித்தார் என்று ஒரு தலைமுறையே தப்பாகப் படித்தது. ஆரம்ப வருடங்களில் நானும் அப்படித்தான் நடத்தினேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள் என்பதை அவர்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஹாட்லைன் என்றால் மேசையில் இருக்கும் சிவப்பு டெலிபோன்தானே?

இல்லை. 1963 ஜூன் 20-ல் ஒப்பந்தமாகி ஆகஸ்ட் 30-ல் வேலை செய்யத் தொடங்கிய அந்த வாஷிங்டன்-மாஸ்கோ அவசர இணைப்பு ஒரு தந்தித் தட்டச்சு இயந்திரம். குரலில் பேசினால் கோபம் தெரியும், மொழிபெயர்ப்பு தவறும், யோசிக்க நேரமும் இருக்காது. எழுத்து என்றால் நிதானம் வரும் என்று வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். 1967 ஜூனில் நடந்த அரபு-இஸ்ரேல் போரில் அது நன்றாகவே உதவியது.

நம் பக்கத்து உதாரணம், இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்த 2025 மே 10. பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் பிற்பகல் 3.35-க்கு நம் தலைமை இயக்குநரைக் கூப்பிட்டார். மாலை 5 மணியிலிருந்து சுடுவது நிறுத்தம் என்று முடிவானது. அதன் பிறகும் அன்றிரவு மீறல்கள் நடந்தன, ஆனாலும் அந்த வழிதான் சண்டை மேலும் பெரிதாகாமல் பிடித்தது.

வழி இருந்தும் எடுக்காமல் விடுவதும் நடக்கிறது. 2023 பிப்ரவரியில் தன் வானில் பறந்து வந்த சீன பலூனை அமெரிக்கா சுட்டு வீழ்த்திய அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பேச அழைத்தார், சீன அமைச்சர் தரப்பு மறுத்துவிட்டது. ராணுவங்களுக்கு இடையிலான பேச்சைத் திரும்பத் தொடங்க அந்த நவம்பரில் இரண்டு தலைவர்களும் நேரில் சந்திக்க வேண்டியிருந்தது. கோபத்தைக் காட்ட முதலில் டெலிபோனைத் துண்டிப்பது என்ற பழக்கம் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகக் கவலை தருகிறது. சண்டை வரும் நேரத்துக்காகத்தானே அது வைக்கப்பட்டது!

அணு ஆயுத ஒப்பந்தங்கள் நிறைய இருக்கின்றனவே?

இருந்தன. ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்திலிருந்து 2002-ல் அமெரிக்கா விலகியது. நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழித்த 1987 ஒப்பந்தம் 2019 ஆகஸ்டில் முடிந்தது. ஒருவர் வானில் இன்னொருவர் பறந்து பார்க்கிற ஏற்பாட்டிலிருந்து 2020-ல் அமெரிக்காவும் 2021-ல் ரஷ்யாவும் விலகின. மிச்சமிருந்த நியூ ஸ்டார்ட் என்ற அமெரிக்க-ரஷ்ய ஒப்பந்தம், 2011-ல் நடைமுறைக்கு வந்து, நிறுத்திவைக்கப்பட்டுள்ள பெரிய அணுகுண்டுகளை ஒவ்வொரு பக்கமும் 1,550-க்குள் வைக்கச் சொன்னது. 2023 பிப்ரவரியில் ரஷ்யா அதை நிறுத்தி வைத்தது. 2026 பிப்ரவரி 5-ல் அதன் காலமே முடிந்துவிட்டது.

எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது சோதனை. நியூ ஸ்டார்ட்டின்படி வருடத்துக்கு 18 முறை வரை ஒரு நாட்டின் ஆட்கள் இன்னொரு நாட்டின் தளத்துக்கே போய் எண்ணிப் பார்க்கலாம். பங்காளிகள் இருவரும் ஒருவர் பேரேட்டை இன்னொருவர் பார்த்து ஐந்தொகையைச் சரிபார்த்துக்கொள்வது மாதிரி. பேரேட்டை மூடி வைத்தால் மற்றவர் என்ன நினைப்பார்? இருப்பதைவிட அதிகமாக இருக்கிறது என்றுதான் நினைப்பார், தானும் அதிகம் செய்வார்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 1980-களின் நடுவில் உலகத்தில் ஏறத்தாழ 70,000 அணுகுண்டுகள் இருந்தன. இப்போது சுமார் 12,000. இவ்வளவு குறைந்தது நல்லெண்ணத்தால் மட்டும் அல்ல, ஒப்பந்தமும் சரிபார்ப்பும் இருந்ததால். ஒருமுறை முடிந்தது, மறுபடியும் முடியும்.

ஐ.நா. சபை என்ன செய்கிறது?

பாதுகாப்பு சபையில் 15 உறுப்பினர்கள். அதில் ஐந்து நிரந்தர நாடுகளில் ஒன்று வேண்டாம் என்றாலும் தீர்மானம் நிற்காது. அதனால் அந்த ஐந்தில் ஒன்றே சண்டையில் இறங்கினால் சபை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதற்காக எதற்கும் உதவாது என்று தள்ளிவிடாதீர்கள். 2022 ஜூலை 22-ல் ஐ.நா.வும் துருக்கியும் நடுவில் நின்று, உக்ரைன் தானியத்தைக் கருங்கடல் வழியே வெளியே கொண்டுவர ஏற்பாடு செய்தன. சுட்டுக்கொண்டிருந்த இரண்டு பக்கமும் அதற்குச் சம்மதித்தன. ரஷ்யா ஒரு வருடத்தில் விலகியது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ 3.3 கோடி டன் தானியம் போய்ச் சேர்ந்துவிட்டது. எவ்வளவு பேர் சாப்பாடு அது!

நாம் எந்தப் பக்கம்?

ரஷ்யாவிடம் எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைகளை வாங்குகிறோம், அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு குவாட் அமைப்பிலும் இருக்கிறோம். இது இரட்டை வேடம் என்று வங்கிக்கார அண்ணன் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீண்ட எல்லையில் சீனா இருக்கும்போது எல்லாரோடும் பேச்சு வைத்துக்கொள்வது நமக்கு அவசியம்.

ஒரு விஷயம் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை ஒருவருக்கொருவர் கொடுக்கின்றன, அந்த இடங்களைத் தாக்குவதில்லை என்ற 1988 ஒப்பந்தப்படி. முதல் பட்டியல் 1992-ல் கைமாறியது. கார்கிலுக்குப் பிறகும் புல்வாமாவுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. செய்தித்தாளில் மூலையில் நாலு வரியாக வரும். தேடிப் படியுங்கள்.

சீன எல்லையில் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு 2 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது என்று 1996-ல் ஒப்பந்தம். 2020 ஜூன் 15-ல் கல்வானில் துப்பாக்கி வெடிக்கவில்லை. கல்லும் கம்பும்தான். ஆனாலும் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். அதில் ஹவில்தார் பழனி, தேவகோட்டைக்குக் கிழக்கே திருவாடானைப் பக்கம் கடுக்கலூர்க்காரர். ஒப்பந்தம் பெரிய போரைத் தடுத்தது, அவரைக் காப்பாற்றவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அம்பாந்தோட்டைக்குச் சீனக் கப்பல் வந்தால் தொண்டி மீனவர்களுக்கு ஆபத்தா?

உடனடி ஆபத்து இல்லை. 2017-ல் இலங்கையில் உள்ள அந்தத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் வந்தபோது தில்லி கவலைப்பட்டது நியாயம்தான், அது ஏவுகணைகளையும் செயற்கைக்கோள்களையும் தொடர்ந்து கவனிக்கக்கூடிய கப்பல். நம் மீனவரின் அன்றாடப் பிரச்சினை வேறு. அதை இதோடு போட்டுக் குழப்பினால் இரண்டுக்கும் தீர்வு வராது.

வேண்டுமென்று தொடங்குகிற போரா, தவறுதலாகத் தொடங்குவதா, எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

தவறுதலுக்கு. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் கணினி, அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகக் காட்டியது. பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ், போர் தொடுப்பவன் ஐந்தே ஐந்தை ஏவுவானா என்று யோசித்து, இது கோளாறு என்று மேலே சொன்னார். மேகத்தில் பட்ட சூரிய வெளிச்சத்தைச் செயற்கைக்கோள் தப்பாகப் படித்திருந்தது. நம் பக்கத்திலும் 2022 மார்ச் 9-ல் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் புறப்பட்டுப் பாகிஸ்தானுக்குள் விழுந்தது. நல்லவேளை, வெடிகுண்டு இல்லை, யாரும் சாகவில்லை, பாகிஸ்தானும் திருப்பி அடிக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இந்தக் காலத்தில் பெத்ரோவ் உட்கார்ந்திருந்த நாற்காலியில் மனிதர் இருப்பாரா என்பதுதான் கேள்வி. அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் லிமாவில் பைடனும் ஷி ஜின்பிங்கும் ஒத்துக்கொண்டார்கள். அது ஒரு சொல்தான், சரிபார்க்க வழி இல்லை. இருந்தாலும் அந்தச் சொல் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என் பேரன் சிங்கப்பூரில் இருக்கான். தைவானில் சண்டை வந்தால் அவனைத் திரும்பி வரச் சொல்லணுமா?

இதைக் கேட்ட ஆச்சியின் மாமனார் பினாங்கில் கிட்டங்கியில், அதாவது நகரத்தார் கடைகள் இருந்த கட்டடத்தில், இருந்தவர், அந்தக் குடும்பத்துக்கு இந்தப் பயம் புதிதல்ல. ஆச்சி, இன்றைக்குக் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பேரன் அங்குள்ள நம் தூதரகத்தில் பெயரைப் பதிந்து வைக்கட்டும், பாஸ்போர்ட் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளட்டும், சேமிப்பு முழுவதும் ஒரே நாட்டில் இல்லாமல் இருக்கட்டும். 1941-ல் ரங்கூனில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லை. இப்போது தூதரகம் இருக்கிறது, கைபேசி இருக்கிறது.

தைவானில் சண்டை வந்தால் சிங்கப்பூர் மட்டும் இல்லை, காரைக்குடியும் திண்டாடும். கைபேசிக்கும் கணினிக்கும் வேண்டிய, உலகின் மிக நுட்பமான சிப்களில் பெரும்பகுதி அந்தத் தீவில்தான் தயாராகிறது.

வாட்ஸ்அப்பில் 'மூன்றாம் உலகப் போர் தொடங்கிவிட்டது' என்று வருகிறது. எப்படி நம்புவது?

நம்பாதீர்கள், முதலில் அனுப்பாதீர்கள். 2025 மே மாதத்தில் வேறு போர்களின் பழைய படங்களையும் கணினி விளையாட்டுக் காட்சிகளையும்கூட உண்மை என்று பரப்பினார்கள். தேதி, இடம், சொன்னவர் யார் என்ற மூன்றும் இல்லாத செய்தியை நான் திறப்பதே இல்லை. பொய்ச் செய்தி மக்களைக் கொதிக்கவைத்தால் தலைவர்களுக்கு இறங்கி வரும் இடம் குறையும், அதனால் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

டீச்சர், உங்கள் ஐயா மறுபடி பர்மா போனாரா?

போகவில்லை. 1942 பிப்ரவரியில் கடையை மூடும்போது மேலாள் அவருக்கு எட்டு மாதச் சம்பளம் பாக்கி என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போர் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்றார், அவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார். ஐயா அதை வேட்டி மடிப்பில் வைத்து இம்பால் மலை தாண்டிக் கொண்டுவந்தார். போர் முடிந்தது, கடை திரும்ப எழவில்லை. சீட்டு எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. மழையில் நனைந்து ஓரம் கரைந்திருந்தாலும் தொகையும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. அடுத்த சனிக்கிழமை எடுத்து வருகிறேன்.